‘நீ முதலில் விடு!’ – கணிப்பொறிக்குள் ஒரு பிடிவாதம்

வீட்டில் ஒரே ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ். அண்ணனுக்கும் தம்பிக்கும் முக்கோணம் வரையும் வீட்டுப்பாடம். இருவருக்குமே அளவுகோலும் வேண்டும், கவராயமும் வேண்டும். அண்ணன் அளவுகோலை எடுத்துக்கொண்டான். அதே நொடியில் தம்பி கவராயத்தை எடுத்துக்கொண்டான். “கவராயத்தைக் கொடுடா, வரைந்து முடித்ததும் இரண்டையும் தருகிறேன்” என்கிறான் அண்ணன். “நீ முதலில் ஸ்கேலை விடு அண்ணா, நானும் அப்படியே தருகிறேன்” என்கிறான் தம்பி. இருவர் கேட்பதும் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு நோட்டுகளிலும் ஒரு கோடுகூட விழவில்லை!

வீட்டில் என்றால் அம்மா வந்து ஓர் அதட்டல் போட்டுத் தீர்த்து வைப்பார். கணிப்பொறிக்குள் இதே நிலை வந்தால்? அங்கே அதட்ட ஆளில்லை. அலுப்பும் இல்லை, பசியும் இல்லை. ஆகவே மின்சாரம் இருக்கும்வரை இரண்டு நிரல்களும் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டே இருக்கும். இந்த நிலைக்கு ‘டெட்லாக்’ என்று பெயர்.

1965ஆம் ஆண்டிலேயே இதைக் கூர்ந்து ஆராய்ந்தவர் நெதர்லாந்து நாட்டின் கணிப்பொறி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. இதற்கு ‘மரணத் தழுவல்’ என்ற பொருள்படும் பெயரை அவர் வைத்தார். ஐந்து கணிப்பொறிகள் காந்த நாடாக் கருவிகளுக்காகப் போட்டியிடுவதாக ஒரு தேர்வுக் கேள்வியையும் தம் மாணவர்களுக்குக் கொடுத்தார். தகவல்களைச் சேமித்து வைக்கும் கருவிகளுக்கும் டெட்லாக்குக்கும் உள்ள உறவு அவ்வளவு பழமையானது! இன்றைய கணிப்பொறியில் அந்த உறவு எப்படி ஏற்படுகிறது, அதை எப்படித் தீர்க்கிறார்கள் என்று பார்ப்போமா?

டிஸ்க்கும் அதன் டிரைவரும்

நீங்கள் எழுதும் கட்டுரை, எடுக்கும் புகைப்படம் எல்லாம் கடைசியில் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ போய்ச் சேரவேண்டும். ஆனால் உங்கள் நிரல் நேரடியாக டிஸ்க்கைத் தொடுவதில்லை. ‘இதை எழுது’ என்று இயங்குதளத்திடம் சொல்கிறது. இயங்குதளம் அந்த வேலையை அந்தக் கருவிக்கென்றே எழுதப்பட்ட ஒரு பகுதியிடம் ஒப்படைக்கிறது. அதற்குத்தான் டிரைவர் என்று பெயர். கருவியின் மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளர் என்று இதைக் கருதலாம்.

டிரைவருக்கு ஒரு சங்கடம் உண்டு. மையச் செயலகம் மிக வேகமானது. சுழலும் டிஸ்க்கோ அதோடு ஒப்பிட்டால் ஆமை. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 8.3 மில்லி செகண்டு ஆகிறது. நொடிக்கு 300 கோடி துடிப்புகள் உள்ள செயலகத்துக்கு அந்த ஒரு சுற்றுக்குள் 2.5 கோடி துடிப்புகள் கடந்துவிடும்! அவ்வளவு நேரம் சும்மா இருக்கலாமா?

ஆகவே ஓர் ஏற்பாடு. டிரைவர் கோரிக்கையை டிஸ்க்கிடம் கொடுத்துவிடும். செயலகம் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடும். வேலை முடிந்ததும் டிஸ்க் ‘முடிந்தது’ என்று ஒரு சைகை அனுப்பும். இதற்குக் குறுக்கீடு, அதாவது இன்டரப்ட், என்று பெயர். டெலிபோன் மணி அடித்ததும் கையிலிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு நாம் ஓடுவதில்லையா? செயலகமும் அப்படியே செய்கிறது. செய்துகொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டு, டிரைவரில் உள்ள குறுக்கீட்டுப் பகுதியை ஓட்டி முடித்துவிட்டு, பிறகுதான் பழைய வேலைக்குத் திரும்புகிறது. இந்த வரிசையை நன்றாக நினைவில் வையுங்கள், விரைவில் தேவைப்படும்.

பூட்டு எதற்கு?

வருகிற கோரிக்கைகளை டிரைவர் ஒரு பட்டியலாக வைத்திருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு செயலகங்கள் அந்தப் பட்டியலில் புதுக் கோரிக்கையைச் சேர்க்க முயன்றால் என்ன ஆகும்? பட்டியலில் 7ஆம் இடம் காலி என்று இரண்டும் பார்க்கும். இரண்டும் 7ஆம் இடத்தில் எழுதும். ஒன்றின் மேல் மற்றொன்று எழுதப்பட்டு, ஒரு கோரிக்கை காணாமல் போகும். காணாமல் போனது உங்கள் கட்டுரையாக இருக்கலாம்!

ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வராமலிருக்க, ‘டோக்கன்’ பெற்ற ரயில் மட்டுமே செல்லலாம் என்று ஒரு முறை உண்டு. டிரைவரிலும் அதே முறைதான். பட்டியலுக்கு ஒரு டோக்கன். அதைப் பெற்றவர் மட்டுமே பட்டியலைத் தொடலாம். இதற்குப் பூட்டு என்று பெயர். ஒருவர் கையில் பூட்டு இருக்கும்போது மற்றவர் வந்தால், ‘கிடைத்ததா, கிடைத்ததா’ என்று கேட்டபடி அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பார். இப்படிக் காத்திருக்க வைக்கும் பூட்டு சுழல் பூட்டு, அதாவது ஸ்பின் லாக், எனப்படும்.

பூட்டு இல்லாவிட்டால் தகவல் கெடும். பூட்டு இருந்தால் காத்திருத்தல் வரும். காத்திருத்தல் ஒரு வட்டமாகிவிட்டால் டெட்லாக்! டிஸ்க் டிரைவரில் இந்த வட்டம் மூன்று உருவங்களில் வரும்.

முதல் உருவம்: தனக்காகத் தானே காத்திருத்தல்

டெட்லாக்குக்கு இருவர் வேண்டும் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஒருவரே போதும். கவனியுங்கள்.

1. செயலகம், பட்டியலில் ஒரு கோரிக்கையைச் சேர்ப்பதற்காகப் பூட்டை எடுக்கிறது.

2. அந்த நேரம் பார்த்து, முன்பு கொடுத்த ஒரு வேலையை டிஸ்க் முடிக்கிறது, குறுக்கீடு அனுப்புகிறது.

3. செயலகம் பாதி வேலையை நிறுத்துகிறது. பூட்டு இன்னும் அதன் கையில்தான் இருக்கிறது. குறுக்கீட்டுப் பகுதி ஓடத் தொடங்குகிறது.

4. முடிந்த கோரிக்கையைப் பட்டியலிலிருந்து நீக்க, குறுக்கீட்டுப் பகுதிக்கும் அதே பூட்டு வேண்டும். ‘கிடைத்ததா, கிடைத்ததா’ என்று சுற்றத் தொடங்குகிறது.

பூட்டு எப்போது கிடைக்கும்? பாதியில் நின்ற வேலை முடிந்தால். அது எப்போது முடியும்? குறுக்கீட்டுப் பகுதி முடிந்தால். அது எப்போது முடியும்? பூட்டு கிடைத்தால்! வட்டம் மூடிக்கொண்டது.

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. பரிசோதனைக் கூடத்தில் இந்தப் பிழை பெரும்பாலும் கண்ணில் படாது. ஒரே ஒரு நிரலை ஓட்டி, ஒரு கோரிக்கை முடிந்தபின் அடுத்ததைக் கொடுத்துச் சோதித்தால், புதுக் கோரிக்கையைச் சேர்க்கும் நேரத்தில் பழைய கோரிக்கை எதுவும் பாக்கி இருக்காது. எனவே குறுக்கீடும் வராது. பல செயலகங்கள் உள்ள கணிப்பொறியிலோ, குறுக்கீடு வேறொரு செயலகத்துக்குப் போனால் அது சிறிது நேரம் சுற்றிவிட்டுப் பூட்டைப் பெற்றுவிடும். அதே செயலகத்துக்கு, அந்த நுண்ணிய இடைவெளியில் வந்து விழுந்தால் மட்டுமே ஆபத்து. ஆயிரம் முறை சரியாக ஓடி, ஆயிரத்தோராவது முறை, வேலை மிகுந்த நேரம் பார்த்து, உறைந்து நிற்கும்.

தீர்வு என்ன? பூட்டை எடுப்பதற்கு முன், அந்தச் செயலகத்தில் குறுக்கீட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டும். பூட்டை விட்டபின் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இடையில் வந்த சைகை தொலைந்துபோவதில்லை. வாசலில் காத்திருந்து பிறகு உள்ளே வரும். லினக்ஸ் இயங்குதளத்தில் இதற்கென்றே ‘ஸ்பின் லாக் ஐ.ஆர்.க்யூ. சேவ்’ என்னும் கட்டளை இருக்கிறது. ‘சேவ்’ என்பது எதற்கு? நம்மை அழைத்த பகுதியே முன்னதாகக் குறுக்கீட்டை நிறுத்தி வைத்திருக்கக்கூடும். அப்போது வேலை முடிந்ததும் நாம் அவசரப்பட்டு அதைத் திறந்துவிட்டால், அந்தப் பகுதிக்கு ஆபத்து. ஆகவே முன்பு எந்த நிலையில் இருந்ததோ அதைக் குறித்து வைத்துக்கொண்டு, அந்த நிலைக்கே மீட்கிறது.

ஆனால் குறுக்கீட்டை நெடுநேரம் நிறுத்திவைக்கக் கூடாது. மற்றக் கருவிகளின் சைகைகளும் வாசலில் நின்றுவிடுமே! ஆகவே பூட்டைப் பிடித்திருக்கும் நேரம் மிகச் சிறியதாக இருக்க வேண்டும்.

இரண்டாம் உருவம்: எதிரெதிர் வரிசை

ஒரே கட்டுப்பாட்டு அட்டையோடு பல டிஸ்க்குகள் இணைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அட்டைக்கு ஒரு பூட்டு. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு பூட்டு. டிரைவரில் இரண்டு வழிகள் இருக்கின்றன.

வழக்கமான வழி: கோரிக்கை வருகிறது, முதலில் டிஸ்க்கின் பூட்டு, பிறகு அட்டையின் பூட்டு.

கோளாறு நீக்கும் வழி: டிஸ்க் பதில் சொல்லாமல் நின்றுவிட்டால், அட்டையை மறுபடி தொடக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு முதலில் அட்டையின் பூட்டு, பிறகு ஒவ்வொரு டிஸ்க்கின் பூட்டு.

இரண்டையும் தனித்தனியே படித்துப் பாருங்கள். எதிலும் தவறில்லை. இரண்டும் ஒரே கணத்தில் வெவ்வேறு செயலகங்களில் ஓடினால் மட்டும், ஒன்றின் கையில் டிஸ்க் பூட்டு, மற்றதன் கையில் அட்டைப் பூட்டு. அளவுகோலும் கவராயமும் போலத்தான்! கோளாறு நீக்கும் வழி எப்போதாவதுதான் ஓடும் என்பதால் இந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்கலாம். ஒரு டிஸ்க் தடுமாறும் நாளில், உதவிக்கு வரவேண்டிய பகுதியே கணிப்பொறி முழுவதையும் நிறுத்திவிடும்.

இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு.

முதலாவது, ஒரே வரிசை. பூட்டுகளுக்கு எண் கொடுத்துவிட வேண்டும். அட்டை 1, டிஸ்க் 2 என்போம். எந்த வழியானாலும் சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்குத்தான் போக வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரிய கணிப்பொறிகளுக்கு இந்த முறையை விளக்கி ஹாவெண்டர் என்பவர் 1968இல் ஒரு கட்டுரை எழுதினார். இது ஏன் பலிக்கிறது? எல்லாரிலும் பெரிய எண்ணுள்ள பூட்டைப் பிடித்திருப்பவரைப் பாருங்கள். அவர் காத்திருக்க நேர்ந்தால் அதைவிடப் பெரிய எண்ணுள்ள, இன்னொருவர் பிடித்திருக்கும் பூட்டுக்காகத்தான் இருக்க முடியும். அப்படியொரு பூட்டு இல்லையே! ஆகவே அவர் வேலையை முடித்துப் பூட்டை விடுவார். அடுத்தவர் நகர்வார். வட்டம் உண்டாக வழியே இல்லை.

இரண்டாவது, ஒன்றைப் பிடித்தபடி மற்றொன்றுக்குக் காத்திராமை. கோளாறு நீக்கும் வழி, அட்டைப் பூட்டை எடுத்து, எந்தெந்த டிஸ்க்குகள் இருக்கின்றன என்று ஒரு பட்டியலைக் குறித்துக்கொண்டு, உடனே அந்தப் பூட்டை விட்டுவிடலாம். பிறகு டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கவனிக்கலாம். ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை தேவை. பூட்டை விட்ட பிறகு யாராவது ஒரு டிஸ்க்கைக் கழற்றியிருக்கலாம். எனவே குறித்துவைத்த ஒவ்வொன்றையும் ‘நீ இன்னும் இருக்கிறாயா?’ என்று மறுபடி சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மருந்துக்கும் பத்தியம் உண்டு அல்லவா?

மூன்றாம் உருவம்: நினைவகமும் டிஸ்க்கும்

மூன்றாவதில் பூட்டு என்ற பெயரில் எதுவும் கண்ணில் படாது. அதனாலேயே இது மிகவும் தந்திரமானது.

நினைவகம் நிறைந்துவிட்டால் இயங்குதளம் என்ன செய்யும்? நினைவகத்தில் இருக்கும், இன்னும் டிஸ்க்கில் எழுதப்படாத பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தைக் காலி செய்யும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பக்கங்களை எழுதும் டிரைவருக்கே, தன் வேலைக்காகக் கொஞ்சம் நினைவகம் தேவைப்பட்டால்?

பென் டிரைவ் ஒன்றில் தகவல் எழுதப்படுகிறது. இடையில் கோளாறு. டிரைவர் அதை மறுபடி தொடக்க நிலைக்குக் கொண்டுவர முயல்கிறது. அதற்குச் சிறிது நினைவகம் கேட்கிறது. ‘இடமில்லை, சில பக்கங்களை எழுதிவிட்டுத் தருகிறேன், பொறு’ என்கிறது நினைவக நிர்வாகி. எங்கே எழுதுவது? அதே பென் டிரைவில்! அது சரியானால்தான் எழுத முடியும். எழுதினால்தான் நினைவகம் கிடைக்கும். நினைவகம் கிடைத்தால்தான் அது சரியாகும். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கக் கயிறு வேண்டும். கயிறோ அந்த வாளியிலேயே கட்டியிருக்கிறது!

தீர்வு, கேட்கும்போதே ஒரு நிபந்தனை சேர்ப்பது: ‘நினைவகம் கொடு; ஆனால் அதற்காக எந்தக் கருவிக்கும் எழுதப் போகாதே.’ லினக்ஸில் இதற்கு ‘நோ ஐ.ஓ.’ என்ற குறி உண்டு. ஆனால் கோளாறு நீக்கும் வழி தானாகவே எல்லாவற்றையும் செய்வதில்லை. அது பல துணைப் பகுதிகளை அழைக்கும். அவை இன்னும் பலவற்றை அழைக்கும். எங்கோ ஓரிடத்தில் அந்தக் குறியைச் சேர்க்க மறந்தாலும் போதும், வட்டம் மூடிக்கொள்ளும். ஆகவே 2013இல் வெளியான லினக்ஸ் 3.9 பதிப்பில் ஒரு புதிய வசதி வந்தது. கோளாறு நீக்கத் தொடங்கும்போதே ‘நான் முடிக்கும்வரை என் பெயரில் வரும் எல்லா நினைவகக் கோரிக்கைகளுக்கும் இந்த நிபந்தனை பொருந்தும்’ என்று ஒரே முறை அறிவித்துவிடலாம். அறிவிப்பு வேலை செய்பவரின் நெற்றியில் ஒட்டிய சீட்டுப் போல. அவர் எந்தப் பகுதிக்குள் போனாலும் சீட்டு கூடவே வரும்.

இதோடு, அவசரத்துக்கென்று சிறிது நினைவகத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைத்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு. விதைநெல்லைச் சமைத்துவிடக் கூடாது என்பது போல, அந்த இருப்பை வேறு எதற்கும் தொடுவதில்லை.

நான்கு கால்கள்

1971இல் காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி என்ற மூவர் ஒரு கட்டுரையில் டெட்லாக் உண்டாக நான்கு நிபந்தனைகள் வேண்டும் என்று தெளிவாக எழுதினார்கள்:

1. ஒரு பொருளை ஒரே நேரத்தில் ஒருவர்தான் பயன்படுத்த முடியும்.

2. ஒன்றைப் பிடித்துக்கொண்டே மற்றொன்றுக்குக் காத்திருக்கலாம்.

3. ஒருவர் கையிலிருப்பதை மற்றவர் பிடுங்க முடியாது.

4. காத்திருப்போர் ஒரு வட்டமாக அமைகிறார்கள்.

நான்கும் ஒன்றுசேர்ந்தால்தான் டெட்லாக். நாற்காலிக்கு ஒரு காலை எடுத்தாலும் கவிழ்ந்துவிடும் அல்லவா? மேலே கண்ட தீர்வுகளை இப்போது திரும்பிப் பாருங்கள். எண் வரிசை 4ஆம் காலை ஒடிக்கிறது. பட்டியலைக் குறித்துக்கொண்டு பூட்டை விட்டுவிடுவது 2ஆம் காலை ஒடிக்கிறது. குறுக்கீட்டை நிறுத்திவைப்பதும், ‘எழுதப் போகாதே’ என்ற நிபந்தனையும் வட்டத்தின் ஒரு கண்ணியை முன்கூட்டியே வெட்டுகின்றன; அவையும் 4ஆம் காலைத்தான் தாக்குகின்றன. 1ஆம் காலைத் தொட முடியாது, பட்டியல் கெட்டுவிடும். பாதி எழுதிய பட்டியலை இன்னொருவர் பிடுங்கினாலும் கெட்டுவிடும் என்பதால் 3ஆம் காலையும் டிரைவருக்குள் தொடுவதில்லை.

வருமுன் காக்கும் காவலாளி

ஆயிரத்தில் ஒரு முறை வரும் பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது? உறைந்துபோன கணிப்பொறி தன் கதையைச் சொல்லாது. மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுத்தால் தடயமும் போய்விடும்; நினைவகத்தில் இருந்து டிஸ்க்குக்குப் போகாத தகவலும் போய்விடும்.

இதற்கு 2006இல் லினக்ஸ் 2.6.18 பதிப்பில் ஒரு நல்ல வழி வந்தது. இங்கோ மோல்னார் என்ற நிரலாளர் முன்னின்று உருவாக்கிய ‘லாக்டெப்’ என்னும் காவலாளிதான் அது. இந்தக் காவலாளி டெட்லாக் நடக்கும்வரை காத்திருப்பதில்லை. யார் எந்தப் பூட்டைப் பிடித்திருக்கும்போது எந்தப் பூட்டைக் கேட்டார் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வரும். காலையில் ஒரு நிரல் டிஸ்க்குக்குப் பிறகு அட்டை என்று எடுத்தது. மாலையில் வேறொரு நிரல் அட்டைக்குப் பிறகு டிஸ்க் என்று எடுத்தது. இரண்டும் சந்திக்கவே இல்லை, எதுவும் நிற்கவில்லை. ஆனாலும் நோட்டில் அம்புக்குறிகள் வட்டமாகிவிட்டன! உடனே காவலாளி எச்சரிக்கை எழுதுகிறது. குறுக்கீட்டுப் பகுதியிலும் எடுக்கப்பட்டு, குறுக்கீடு நிறுத்தப்படாத நேரத்திலும் எடுக்கப்பட்ட பூட்டு எது என்பதையும் கவனித்து, நமது முதல் உருவத்தையும் பிடித்துவிடும்.

கணக்கு வைப்பதால் கணிப்பொறியின் வேகம் குறையும். எனவே இதைச் சோதனையின்போது மட்டுமே இயக்குவது வழக்கம். இதற்கும் ஓர் எல்லை உண்டு: ஒருமுறையாவது ஓடிய வழியைத்தான் அதற்குத் தெரியும். ஓடாத வழியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அதனால்தான் நல்ல சோதனையாளர்கள் டிஸ்க்கை வேண்டுமென்றே தடுமாற வைத்து, கோளாறு நீக்கும் வழியையும் ஓடவிடுகிறார்கள்.

டெட்லாக்கில் எந்த வரியும் தனியாகத் தவறானதல்ல என்பதைக் கவனித்தீர்களா? தவறு வரிகளுக்கு இடையே உள்ள உறவில் இருக்கிறது. ஆகவே அதைத் திருத்துபவர், நின்ற இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டு, வட்டத்தைக் கண்டுபிடித்து, எந்தக் கண்ணியை வெட்டினால் வேறு எதுவும் கெடாது என்று யோசிக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

டைக்ஸ்ட்ராவின் தேர்வுக் கேள்வியைப் பிறகு டோனி ஹோர் என்ற ஆங்கில அறிஞர், உணவு மேசையைச் சுற்றி அமர்ந்த ஐந்து தத்துவ ஞானிகளின் கதையாக மாற்றினார். நீங்கள் அதை ஐந்து பென்சில்களைக் கொண்டு விளையாடலாம்.

ஐந்து நண்பர்கள் வட்டமாக உட்காருங்கள். அடுத்தடுத்த இருவருக்கு இடையே ஒரு பென்சில் வீதம் ஐந்து பென்சில்கள். அவற்றுக்கு வரிசையாக 1 முதல் 5 வரை எண். தன் இருபுறமும் உள்ள இரண்டு பென்சில்களும் கையில் இருந்தால்தான் தன் பெயரை எழுதலாம். எழுதியதும் இரண்டையும் கீழே வைத்துவிட வேண்டும். எடுத்த பென்சிலை எழுதாமல் வைக்கக் கூடாது.

முதல் ஆட்டம்: கை தட்டியதும் எல்லாரும் இடப்பக்கப் பென்சிலை எடுங்கள். பிறகு வலப்பக்கத்தை எடுக்க முயலுங்கள். என்ன ஆகிறது?

இரண்டாம் ஆட்டம்: இருபுறமும் உள்ளவற்றில் சிறிய எண்ணை முதலில் எடுக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். 5க்கும் 1க்கும் நடுவில் இருப்பவரைக் கவனியுங்கள். அவர் 1ஐ எடுக்க முடியாமல் போனால் வெறுங்கையோடு காத்திருப்பார். அவர் தொடாத 5ஆம் பென்சில் யாருக்கு உதவுகிறது?

இனி ஒரு கேள்வி. இரண்டாம் ஆட்டத்தில் யாரும் உறைந்து நிற்பதில்லை. ஆனால் ஐவருக்கும் ஒரே அளவு வாய்ப்புக் கிடைக்கிறதா? பத்து நிமிடம் விளையாடி, ஒவ்வொருவரும் எத்தனை முறை பெயர் எழுதினார் என்று எண்ணிப் பார்த்து, நீங்களே முடிவு செய்யுங்கள்.